நல்ல புத்தகம் – யாருக்கு?

செய்முறைத் தேர்வில் ஒரு மாணவர் "கம்பியின் நீளம் 5" என்று மட்டும் எழுதினால் நாம் மதிப்பெண்ணைக் குறைத்து விடுகிறோம். 5 சென்டிமீட்டரா, 5 மீட்டரா? அலகு இல்லாத எண்ணால் யாருக்கும் பயனில்லை. ஆனால் அதே மாணவரிடம் வகுப்பு முடிந்ததும் ஒரு நூலின் பெயரைச் சொல்லி, "நல்ல புத்தகம், கட்டாயம் படி" என்கிறோம். யாருக்கு நல்லது, முன்னதாக என்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் கடினமாகும் என்பதையெல்லாம் சொல்வதில்லை. இதுவும் அலகில்லாத அளவுதான்.

நூலையும் வாசகரையும் இணைப்பது எப்படி என்பதைப் பற்றித் தமிழ்நாட்டில் பிறந்த கணித ஆசிரியர் ஒருவர் 1931-ஆம் ஆண்டிலேயே முழு நூல் ஒன்றை எழுதினார். அந்நூலைக் கொண்டு நம் பழக்கத்தையும், நம் அனுபவத்தைக் கொண்டு அந்நூலையும் சோதித்துப் பார்ப்போம்.

கணித ஆசிரியரின் ஐந்து விதிகள்

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். இலண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்று, அங்குள்ள பல நூலகங்களையும் பார்த்துத் திரும்பினார். அவர் எழுதிய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்னும் ஆங்கில நூலைச் சென்னை நூலகச் சங்கம் 1931-இல் வெளியிட்டது.

அவ்விதிகள் எளியவை. நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக, நூலகம் வளரும் உயிர். இவ்வளவுதான்.

இவ்வளவு எளிய செய்திக்கு ஒரு பெரிய நூல் தேவையா என்று தோன்றலாம். படித்தால் ஐயம் நீங்கும். ஐரோப்பிய நூலகங்களில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த வரலாற்றிலிருந்து அவர் தொடங்குகிறார். சங்கிலி போன பிறகும் அந்த மனப்பான்மை போகவில்லை என்று காட்டுகிறார். நூலகத்தின் இடம், திறந்திருக்கும் நேரம், நாற்காலி மேசை, ஊழியரின் நடத்தை ஆகிய ஒவ்வொன்றையும் முதல் விதியின் முன் நிறுத்தி விசாரிக்கிறார். விதிகளையே பாத்திரங்களாக்கிப் பேச வைத்து வாதாட விடுகிறார். வறண்ட நிர்வாகப் பொருளை இவ்வளவு சுவையாக எழுதியது அந்நூலின் பெருஞ்சிறப்பு.

எனினும் இயற்பியல் படித்தவனுக்கு ஒரு கேள்வி எழுகிறது. இவை 'விதிகள்' தாமா? நியூட்டனின் விதி நடப்பதைக் கூறுகிறது; நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆப்பிள் விழும். ரங்கநாதனின் விதி நடக்க வேண்டியதைக் கூறுகிறது. 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பது தானாக நடப்பதன்று. யாராவது நடத்தி வைத்தால்தான் நடக்கும்.

யார் நடத்தி வைப்பது? இங்கேதான் நூலின் குறை தெரிகிறது. இரண்டாம் விதியை விளக்கும்போது அரசு, நூலக ஆட்சிக்குழு, ஊழியர், வாசகர் ஆகிய நால்வருக்கும் ரங்கநாதன் கடமைகளை வகுக்கிறார். முதல் மூவருக்கும் கடமை மிகுதி. வாசகருக்கு அவர் சொல்வது பெரும்பாலும் ஒழுங்கைப் பேணும் கடமை: விதிகளை மதிப்பது, நூலைக் குறித்த காலத்தில் திருப்பித் தருவது போன்றவை. ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்குச் செய்யக்கூடிய உதவிக்கு அவர் போதிய இடம் தரவில்லை. ஆனால் நம் ஊர்களில் ஒரு மாணவர் கையில் புத்தகம் வந்து சேர்வது பெரும்பாலும் நண்பர், ஆசிரியர், அண்டை வீட்டுக்காரர் வழியாகத்தான்.

மொட்டை மாடியில் ஒரு சோதனை

மதுரை கே.கே. நகரில் நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு வீட்டின் மொட்டை மாடியில் கூடுவது வழக்கம். கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற ஓர் அஞ்சல் ஊழியர், தையல் வேலை செய்யும் ஓர் அம்மையார் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றி ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு நூல்களை மாற்றிக்கொள்வோம்.

தொடக்கத்தில் நான் தவறு செய்தேன். தமிழ் வழியில் படித்து, இளநிலை இயற்பியலில் சேர்ந்திருந்த மாணவர் ஒருவருக்கு ஸ்டீபன் ஹாக்கிங்கின் 'காலத்தின் சுருக்கமான வரலாறு' நூலைக் கொடுத்தேன். உலகப் புகழ் பெற்ற நூல், எனக்குப் பிடித்த நூல், வேறென்ன வேண்டும்? இரண்டு மாதம் அவர் கூட்டத்துக்கே வரவில்லை. தெருவில் பார்த்தபோது, "சார், ரெண்டாவது அத்தியாயத்தைத் தாண்ட முடியலே. நமக்கு இந்தச் சயின்ஸ் புத்தகமெல்லாம் ஒத்து வராது போல" என்றார்.

பொருந்தாத பரிந்துரையின் தீமை இதுதான். செருப்பு கடித்தால் நாம் செருப்பைக் குறை கூறுகிறோம். புத்தகம் கடித்தால் மாணவர் தம்மையே குறை கூறிக்கொள்கிறார். அதிலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர் ஒரு முறை அப்படி முடிவு செய்துவிட்டால், அடுத்த நூலைத் தொடவே அஞ்சுவார்.

வாங்கியதும் படித்ததும்

அந்த மாணவர் தனியாள் அல்லர். 1988-இல் வெளியான ஹாக்கிங்கின் நூல் கோடிப் பிரதி விற்றது. ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று யாரோ எச்சரித்ததால், ஐன்ஸ்டைனின் நிறை–ஆற்றல் சமன்பாடு ஒன்றை மட்டுமே சேர்த்ததாக அதன் ஆசிரியரே குறிப்பிடுகிறார். ஆனால் சமன்பாட்டை நீக்கினால் கருத்தின் கடினம் நீங்கி விடுமா?

2014-இல் ஜோர்டன் எல்லன்பெர்க் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வேடிக்கையாக ஒரு கணக்குப் போட்டார். கிண்டில் மின்னூலில் வாசகர்கள் மிகுதியாகக் கோடிட்ட ஐந்து பகுதிகள் எந்தெந்தப் பக்கத்தில் உள்ளன என்று பார்த்து, அவற்றின் சராசரியை மொத்தப் பக்கங்களால் வகுத்தார். வாசகர்கள் முழுவதும் படித்திருந்தால் கோடுகள் நூல் முழுவதும் பரவியிருக்கும். பாதியில் விட்டிருந்தால் முன்பக்கங்களில் குவிந்திருக்கும். ஹாக்கிங்கின் நூலுக்குக் கிடைத்த விடை 6.6 விழுக்காடு. இது கறாரான அளவீடு அன்று என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் விற்பனையும் வாசிப்பும் வேறு வேறு என்பதை அது நினைவூட்டுகிறது.

நட்சத்திரக் குறிகளின் சராசரியும் இத்தகையதே. ஐந்து பேர் ஒரு நூலுக்கு 5 நட்சத்திரமும், ஐந்து பேர் 1 நட்சத்திரமும் கொடுத்தால் சராசரி 3. ஆனால் அந்த நூலை '3' என்று கருதியவர் ஒருவர்கூட இல்லை! யார் அந்த முதல் ஐவர், யார் பின்னைய ஐவர் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. சராசரி அதைத்தான் அழித்து விடுகிறது.

பீரங்கியும் சந்திரனும்

அதே மாணவரை மீட்டது அஞ்சல் ஊழியர். அவர் நூலைக் கொடுக்கவில்லை. முதலில் ஒரு கேள்வியைக் கொடுத்தார். "ஜூல்ஸ் வெர்ன் கதையிலே 900 அடி நீளப் பீரங்கியிலே ஆளை வைத்துச் சந்திரனுக்குச் சுடுகிறார்களே, தம்பி, அவன் பிழைப்பானா?"

மாணவர் கணக்கில் இறங்கினார். பூமியை விட்டு விலக நொடிக்கு ஏறத்தாழ 11,000 மீட்டர் வேகம் வேண்டும். பீரங்கியின் நீளம் சுமார் 275 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். 12 கோடியே 10 லட்சத்தை 550-ஆல் வகுக்க, 2,20,000. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 22,000 மடங்குக்கும் மேல். அந்தக் கணத்தில் 50 கிலோ மனிதர் 1,100 டன் எடை தம்மை அழுத்துவதாக உணர்வார். உணர நேரம் இருந்தால்! ஏனெனில் குழாயைக் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கே.

விடை வந்த பிறகுதான் அஞ்சல் ஊழியர் யா. பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' நூலை நீட்டினார். ரஷ்ய மொழியில் 1913-இல் முதலில் வெளியாகி, சோவியத் நாட்டுப் பதிப்பாகத் தமிழில் நம் ஊர்களுக்கு வந்த நூல் அது. வெர்னின் பீரங்கியும், வெல்சின் கண்ணுக்குத் தெரியாத மனிதனும் அதில் விசாரணைக்கு உள்ளாகின்றனர். உடல் முழுவதும் ஒளி ஊடுருவினால் விழித்திரையிலும் உருவம் விழாது. ஆகவே அம்மனிதன் குருடனாகவே இருப்பான் என்பது அதன் தீர்ப்பு.

இந்நூலும் குறையற்றதன்று. முதல் செயற்கைக்கோள் பறப்பதற்கு 44 ஆண்டுகள் முந்திப் பிறந்தது. 'பௌதிகம்' என்ற தலைப்பே 'இயற்பியல்' என்று படித்த இன்றைய மாணவரைத் தயங்க வைக்கும். இந்தக் குறையையும் அஞ்சல் ஊழியர் முன்கூட்டியே சொன்னார். "சொல் பழசா இருக்கும். தொடர்ச்சியாப் படிக்க வேண்டாம், பிடிச்ச தலைப்பைத் திற" என்றார். மாணவர் ஒரு மாதத்தில் முடித்தார். ஹாக்கிங்கை அவர் பின்னர் தாமாகவே கேட்டு வாங்கிச் சென்றார். இப்போது ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறார்.

அலகுடன் பரிந்துரைப்போம்

மதுரையில் 2023 சூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அத்தகைய பெரிய நூலகத்தில் முதன்முதலாக நுழையும் மாணவரின் இடர்ப்பாடு நூல் இல்லாமை அன்று. எதிலிருந்து தொடங்குவது என்பதே. அங்கே நாம் ஒவ்வொருவரும் ரங்கநாதனின் மூன்றாம் விதிக்குத் துணை செய்யலாம்.

அதற்குப் பெரிய புலமை வேண்டியதில்லை. நூலின் பெயரோடு நான்கு செய்திகளைச் சேர்த்துச் சொன்னால் போதும். இதைப் படிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்? எந்தக் கேள்விக்கு இது விடை தருகிறது? எந்த இடத்தில் நான் திணறினேன்? நான் முழுவதும் படித்தேனா? கடைசிக் கேள்விக்கு உண்மையான விடை சொல்லச் சிறிது துணிவு வேண்டும். "பாதிதான் படித்தேன், ஆனால் அந்தப் பாதி இதற்கு உதவியது" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் மாணவரின் அச்சம் பாதி குறையும்.

ரங்கநாதன் வாசகருக்கு விதித்த கடமை, நூலைக் குறித்த நாளில் திருப்பித் தருவது. அதனுடன் இன்னொன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்: திருப்பித் தரும்போது, இது அடுத்து யாருக்கு உதவும் என்பதையும் சொல்லித் தருவது.