பேனுக்கு என்ன சொல்வீர்கள்?

அழிந்துகொண்டிருக்கும் மொழி ஒன்றைப் பேசும் பாட்டியிடம் போய், மொழியியல் மாணவன் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று: ‘பேனுக்கு உங்க பாஷைல என்ன சொல்வீங்க?’

சிரிக்காதீர்கள். மாரிஸ் ஸ்வாதேஷ் என்ற அமெரிக்கர் தொகுத்த நூறு வார்த்தைப் பட்டியலில் தலை, நாக்கு, நாய், சாம்பலுடன் பேனும் நிஜமாகவே இருக்கிறது. எந்த ஊரிலும் இருக்கும் ஜீவன். இரண்டு மொழிகள் சொந்தமா என்று பார்க்க இந்தப் பட்டியல் உதவும். இதை வைத்துக்கொண்டு அந்த மொழியில் ஒரு நாள்கூடக் குடித்தனம் நடத்த முடியாது.

எமனோவுக்கு இது தெரியும். கனடாவில் பிறந்தவர். 1930-களில் நீலகிரிக்கு வந்து தோடா, கோத்தர் மொழிகளைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டவர். அவருடைய ‘தோடா பாடல்கள்’ (1971) சுமார் ஆயிரம் பக்கம். அவரும் மேரி ஹாஸும் 1953-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அங்குள்ள பூர்வகுடி மொழிகளுக்கு ஒரு சர்வே தொடங்கி, மாணவர்களை நோட்டுப் புத்தகத்துடன் அனுப்பினார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம், அகராதி, கதைத் தொகுப்பு மூன்றும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்பது அந்தக் காலத்து லட்சியம்.

பலன் பிரமாதம்தான். ஆனால், 1990-களில் நடந்ததைப் பாருங்கள். அந்த மொழிகளைப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் ‘உயிர்மூச்சு’ என்ற பயிலரங்குக்காக அதே பெர்க்லிக்கு வந்து, நோட்டுகளைத் திறந்தார்கள். பலருடைய மொழியில் பேச ஒருத்தர்கூட மிச்சமில்லை. வினைச்சொற்கள் கிடைத்தன. கதைகள் கிடைத்தன. குழந்தையை எப்படிக் கொஞ்சுவது, வந்தவரை எப்படி உபசரிப்பது, எதிர்வீட்டுக்காரியை எப்படி வைவது... இந்த மாதிரிப் பேச்சு குறைவு. ‘சாதாரணம்தானே’ என்று விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு, ஒலிக்குறிகளில் எழுதியதைப் படித்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு மொழியியல்காரர் தேவைப்பட்டார்.

அந்த மாணவர்களைத் திட்டவில்லை. அவர்கள் போகாவிட்டால் இதுவும் கிடைத்திருக்காது. குறை, பாடத்திட்டத்தில். இலக்கணம் எழுதுவது ஒரு வேலை, ஜனங்கள் பேசுவதைப் பதிவு செய்வது தனி வேலை என்று நிகோலாஸ் ஹிம்மல்மான் 1998-ல் விளக்கமாக எழுதினார்.

நம் நாட்டில், பத்தாயிரத்துக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளுக்காக மத்திய அரசு 2013-ல் தொடங்கிய திட்டம் மைசூரின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதன் பட்டியலிலும் அதே இலக்கணம், அகராதி, நாட்டார் கதைகள். குழந்தைகளுக்குப் பாலபாடமும் சேர்த்திருப்பது ஆறுதல்.

என் யோசனை சுலபமானது. மாணவனுக்கு மார்க் போடுவதற்குமுன் அவன் நோட்டைப் பாட்டியின் பேத்தியிடம் கொடுங்கள். அதைப் படித்து, பாட்டியிடம் ஒரு வாக்கியமாவது அவளால் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அவளையே மாணவியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேனுக்கு வார்த்தை கேட்பதில் தப்பில்லை. பேத்திக்குப் பேன் பார்த்துக்கொண்டே பாட்டி என்னவெல்லாம் பேசினாள் என்பதையும் எழுதிக்கொண்டு வரவேண்டும்.