கூரையிட்ட நாற்சந்தி

வெளியே மூச்சும் உறையும் குளிர். கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தால் வாடாத இளவேனில்! பச்சை மரங்கள், பறவைகள் பாடும் நெடிய கூண்டு, ஹாரி பெர்டோயா வடித்த பொன்மரச் சிற்பங்கள், காப்பி அருந்தியபடியே வருவோர் போவோரைக் காண மேசைகள். கோடையாயினும் கொடும்பனியாயினும் வெப்பம் 75 பாரன்ஹீட் பாகை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் மாநகரை அடுத்த ஈடைனா என்னும் சிறு நகரில், 1956 அக்டோபர் 8ஆம் நாள் திறக்கப்பட்ட சவுத்டேல் பேரங்காடியின் கோலம் இது. செலவு 2 கோடி டாலர், கடைகள் 72, கார்கள் நிற்க 5,200 இடங்கள், திறப்பு நாளன்று திரண்டோர் 75,000 பேர். கடைகளையெல்லாம் உள்முகமாகத் திருப்பி, நடுவே முற்றம் வைத்து, மேலே கூரையிட்டு மூடிய பேரங்காடிகளுக்கு இதுவே முன்மாதிரி. 'மால்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் கட்டடங்களின் தாய்வீடு.

கட்டடக் கலைஞர்கள் இதனைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் நிரம்பப் பேசிவிட்டனர். புகழ்பெற்ற ஃபிராங்க் லாயிட் ரைட் அந்த ஆண்டே வந்து பார்த்து முகம் சுளித்தார்; சிற்றூர்த் தெருவின் குறைகளெல்லாம் இங்குள, அதன் அழகு மட்டும் இல்லை என்பது அவர் தீர்ப்பு. எழிலைப் பற்றிய வழக்கு அவர்களுக்குள் இருக்கட்டும். தெருமுனையில் நாலு பேரைக் கூட்டி, மேசைமீது ஏறி நின்று, கல்லெறிக்கும் அஞ்சாது கருத்துரைத்து வளர்ந்த இயக்கத்தார் நாம். ஒரு நகரின் நடுமுற்றத்தைக் கண்டால், அங்கே என்ன விற்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன், அங்கே பேசலாமா என்று கேட்பது நம் இயல்பு.

இதனை வரைந்தவர் விக்டர் குரூன். 1903இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், சமதர்மவாதி, அரசியல் அங்கத நாடக மேடையேறி ஆள்வோரை எள்ளி நகையாடியவர். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியதும், தப்பி அமெரிக்கா சேர்ந்தார். புறநகர்களில் அவர் கண்டது என்ன? கார், சாலை, சாலையோரக் கடை, மீண்டும் கார்! மனிதன் மனிதனைச் சந்திக்க ஓர் இடமில்லை. வியன்னாவின் சதுக்கங்களிலும் காப்பிக் கடைகளிலும் வளர்ந்த உள்ளம் வாடிற்று. பழங்கிரேக்கரின் 'அகோரா' போல், விற்பதும் வாங்குவதும் வாதிடுவதும் ஒருங்கே நிகழும் இடம் ஒன்றைப் புறநகர் மக்களுக்குத் தருவதே அவர் கனவாயிற்று. கடைகளோடு குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி என ஏறத்தாழ 460 ஏக்கருக்கு வரைபடம் தீட்டினார். மினியாபொலிஸின் பெருவணிகரான டேட்டன் நிறுவனத்தார் பணம் போட்டனர்.

கட்டி முடிந்தபோது நின்றவை அங்காடியும் கார்த் திடலுமே. வீடுகளும் மருத்துவமனையும் பின்னாளில் அக்கம்பக்கத்தில் எழுந்தன. குரூன் வரைந்த கோப்பில் அல்ல, நிலம் விலைபோன போக்கில்.

இனி அந்த ஊரைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கறுப்பின உழவர் குடும்பங்கள் ஈடைனாவில் வாழ்ந்தன. ஊர்ப் பொதுவாழ்விலும் பங்கு கொண்டன. 1924இல் தார்ப் சகோதரர் என்னும் மனை வணிகர் அங்கே 'கன்ட்ரி கிளப்' குடியிருப்பைத் தொடங்கினர். அதன் பத்திரங்களில் ஒரு விதி: வெள்ளையரல்லாதார் இங்கே மனை வாங்கலாகாது, குடியிருக்கலாகாது, வீட்டு வேலையாட்கள் மட்டும் விலக்கு. பாத்திரம் துலக்கக் கறுப்புக் கை வரலாம். பத்திரத்தில் கையெழுத்திட வரலாகாது! அக்கிரகாரத்தையும் சேரியையும் கண்டவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய விதிகளுக்கு நீதிமன்றங்கள் துணைபோகக் கூடாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல். வீடு விற்பதில் நிறவேற்றுமை காட்டுவதை நாடளவில் தடுத்த சட்டம் வந்ததோ 1968இல். இவ்விரண்டுக்கும் இடையே எழுந்ததுதான் சவுத்டேல். எவரும் நுழையலாம் என்று கதவு திறந்த அகோரா, எவரும் குடியேறிவிட முடியாத ஊரில்!

ஊருக்கு ஊர் இது பெருகியதற்குக் குரூனின் கலைத்திறன் மட்டும் காரணமன்று. 1954இல் அமெரிக்க வரிச் சட்டம் மாற்றப்பட்டது. புதிய வணிகக் கட்டடங்களின் தேய்மானத்தைத் தொடக்க ஆண்டுகளிலேயே மிகுதியாகக் கழித்துக்கொள்ள அது வழிவிட்டது. ஏட்டிலே நட்டம், கையிலே பணம்! பழைய கடைத்தெருவைச் செப்பனிடுவதைவிட வயல்வெளியில் புதிதாகக் கட்டுவது ஆதாயம் என்றாயிற்று. வரலாற்றாசிரியர் தாமஸ் ஹான்செட் இதனைத் தெளிவுற ஆராய்ந்து எழுதியுள்ளார். மக்கள் விரும்பினார்கள், மால் வளர்ந்தது என்று மட்டும் சொல்வோர் அதைப் படிப்பது நலம்.

பேசலாமா என்ற கேள்விக்கு வருவோம். பென்சில்வேனியாவின் அல்டூனா நகரப் பேரங்காடியில் தொழிற்சங்கத்தார் நடத்திய மறியல் 1968இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கடைத்தெருவின் இடத்தை அங்காடி பிடித்துக்கொண்டபின் கடைத்தெருவில் இருந்த உரிமையும் அங்கே உண்டு என்று தீர்ப்பெழுதினார், அம்மன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல். அந்த வெளிச்சம் நான்கே ஆண்டு! போர்ட்லண்ட் நகரின் லாயிட் சென்டரில் வியட்நாம் போரை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தோருக்கு அவ்வுரிமை இல்லை என்று 1972இல் ஐவர் சொன்னார்கள். மார்ஷலும் மூவரும் மறுத்தும் பயனில்லை. 1976இல் 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பே செல்லாததாயிற்று. மாநிலங்கள் விரும்பினால் தம் அரசியல் சட்டத்தின்படி இடம் தரலாமென 1980இல் ஒரு சன்னல் திறந்தது. கலிபோர்னியா இடம் தந்தது.

சவுத்டேல் பிறந்த மினசோட்டா தந்ததா? ஈடைனாவை ஒட்டிய புளூமிங்டனில், 1992இல், பொதுப்பணத்தின் துணையோடு 'மால் ஆஃப் அமெரிக்கா' எழுந்தது. விலங்கின் உரோம ஆடை விற்பதைக் கண்டித்து 1996இல் அங்கே நின்றவர்கள், மக்கள் பணம் கலந்த இடத்தில் மக்களுக்குப் பேச்சுரிமை உண்டு என வாதாடினர். இல்லை என்றது மாநில உச்ச நீதிமன்றம், 1999இல். 2014 டிசம்பரில், காவலர் கையால் கறுப்பினத்தார் மாள்வதைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் அதே அங்காடியில் கூடினர். அமைப்பாளர்கள்மீது வழக்குத் தொடுத்தது புளூமிங்டன் நகராட்சி. அடுத்த ஆண்டு நீதிபதி அவர்கள்மீதான குற்றச்சாட்டுகளைத் தள்ளினார். 1999ஆம் ஆண்டுத் தீர்ப்போ அப்படியே நின்றது.

குரூன் முதுமையில் வியன்னா திரும்பினார். அவ்வூரின் புறத்தேயும் ஒரு பேரங்காடி எழுந்து, அவர் நேசித்த சிறுகடைகளை அச்சுறுத்தியது. 1978இல் லண்டனில் பேசியபோது, தம் பெயர் சொல்லி வளர்ந்த அங்காடிகளைத் தம் பிள்ளைகளல்ல என உதறினார். தம் கருத்தில் கடையை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டார்கள் வணிகர்கள் என்பது அவர் மனக்குறை. 1980இல் மறைந்தார்.

மனக்குறை மெய்யானதே. ஆயினும் அதனை ஏற்று அவரை விடுவித்துவிட முடியவில்லை. சதுக்கத்தை அழகுற வரைந்தவர், அது எவர்க்கு உரியது என்பதை வணிகரிடமே விட்டார். சவுத்டேல் முற்றத்தில் விழாக்கள் நடந்தன, உரிமையாளர் இசைந்தபோது. வியன்னா மேடையில் ஆள்வோரை எள்ளிய அந்த இளைஞர் குரூன், அதே நாடகத்தை இந்த முற்றத்தில் நடத்த வந்திருப்பாரேல், டேட்டன் நிறுவனத்தாரின் வாயிலில் இசைவு வேண்டி நின்றிருக்க வேண்டும். வரைபடத்தில் இருந்த பள்ளியும் பூங்காவும் ஏரியும் ஒன்றுகூடக் குறையாமல் எழுந்திருந்தாலும், முற்றத்தின் சாவி அவர்கள் கையில்தான் இருந்திருக்கும்.