ஒரு வினாடிக்கு 24 சிவாஜி

நின்றுவிட்டார்! நாதஸ்வரத்தின் சீவாளி உதட்டில், கன்னம் இரண்டும் பந்தாக உப்பி, ஒரு புருவம் ஏறி மற்றது ஏறலாமா என்று யோசிக்கிற அந்த இடத்தில், சிவாஜி கணேசன் என் பதினைந்து அங்குல மானிட்டரில் அப்படியே நின்றுவிட்டார். ராத்திரி ஒன்றரை மணி. நான் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினேன். இருட்டில், தன்னந்தனியாக, பனியனோடு நின்று கை தட்டினேன். பக்கத்து அறையிலிருந்து மனைவி “என்னங்க ஆச்சு?” என்று ஓடி வந்தாள்.

“படம் கிடைச்சிடுச்சு!”

“எந்தப் படம்?”

“தில்லானா மோகனாம்பாள்!”

“அதுதான் மூணு வருஷமா அலமாரியில இருக்கே?”

எப்படிச் சொல்வேன்! டிவிடி தட்டு மூன்று வருஷமாக இருக்கிறது, சரி. ஆனால் ஒரு வினாடியில் 24இல் ஒரு பங்கு நேரம் மட்டும் உயிரோடு இருந்துவிட்டு ஓடிப்போகிற இந்த முகம் இப்போதல்லவா என் கைக்கு வந்திருக்கிறது!

என் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹாண்டாக வாங்கிய பென்டியம் 3. ராம் 256 எம்பி, விண்டோஸ் எக்ஸ்பி, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய குழாய் மானிட்டர். டிவிடி டிரைவ் மட்டும் 2005இல் தனியாக வாங்கிப் பொருத்தினேன். பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் காபி போட்டுக்கொண்டு திரும்பினால் சரியாக எழுந்து உட்கார்ந்திருக்கும். மெதுவான மெஷின்தான், இருக்கட்டுமே! தட்டை உள்ளே தள்ளியதும் டிரைவ் முதலில் ஒரு முனகல் முனகி, பிறகு வேகம் பிடித்து ‘உய்ய்ய்’ என்று ஏறுமே, கச்சேரிக்கு முன்னால் ஒத்துக்காரர் சுருதி பிடிக்கிற மாதிரி, அந்தச் சத்தத்துக்கே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

முதல் ராத்திரி நடந்ததைக் கேளுங்கள். பிரின்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தி பெயின்டில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒட்டினேன். டாஸ்க்பார் வந்தது, ஐகான்கள் வந்தன, பிளேயரின் பொத்தான்கள்கூட வந்தன. நடுவில், படம் இருக்க வேண்டிய இடத்தில், தார் பூசின மாதிரி ஒரு கறுப்புக் கட்டம். சே, போச்சு என்று பெயின்ட் ஜன்னலை ஓரமாக இழுத்தேன். பின்னால் பிளேயரில் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. என் கறுப்புக் கட்டம் பிளேயருக்கு மேலே வந்ததுதான் தாமதம், அந்தக் கட்டத்துக்குள் படம் ஓட ஆரம்பித்தது! பெயின்டுக்குள்ளே! நான் ஒட்டிய அசையாத படத்துக்குள்ளே பத்மினி ஆடுகிறார்! கற்பனை செய்து பாருங்கள், சுவரில் மாட்டிய போட்டோவுக்குள் ஆள் நடமாடினால் எப்படி இருக்கும்? பிளேயரை மூடினேன், மறுபடி கறுப்பு. திறந்தேன், மறுபடி ஆட்டம். இதையே அரை மணி நேரம் செய்துகொண்டிருந்தேன். படத்தை எடுக்க வந்தவன் என்பதே மறந்துபோயிற்று.

பிறகுதான் காரணம் புரிந்தது. வீடியோ ஓவர்லே என்பது அதன் பெயர். அந்தக் காலத்து கம்ப்யூட்டர்களில் பிராசசருக்குச் சிரமம் கொடுக்காமல், திரையின் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் தடவி வைத்துவிட்டு, அந்த நிறம் எங்கே தெரிகிறதோ அங்கே கிராபிக்ஸ் கார்டே படத்தை நேராக ஏற்றிவிடும். சினிமாவில் நீலத் துணிக்கு முன்னால் நடிக்கவைத்துவிட்டு அப்புறம் பின்னணியைச் சேர்க்கிறார்களே, கிட்டத்தட்ட அதே வித்தை! பிரின்ட் ஸ்கிரீன் பாவம் என்ன செய்யும், அதன் கைக்கு வெறும் துணிதான் கிடைக்கும்.

விடுவேனா? டிஸ்பிளே செட்டிங்ஸுக்குள் போய், அட்வான்ஸ்டு, டிரபிள்ஷூட் என்று உள்ளே உள்ளே நுழைந்து, ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் என்கிற பட்டையில் இருந்த குமிழை இடது பக்கம் கோடிக்குத் தள்ளினேன். இப்போது எல்லா வேலையும் பிராசசர் தலையில். படம் மூச்சு வாங்கிக்கொண்டு தத்தித் தத்தி நடந்தது. நடக்கட்டும்! ஓடுகிற படம் யாருக்கு வேண்டும், எனக்கு வேண்டியது நிற்கிற படம்! நிறுத்தினேன், பிரின்ட் ஸ்கிரீன், பெயின்ட், ஒட்டு. வந்துவிட்டது. நிறத்தோடு, பூவோடு, பொட்டோடு வந்துவிட்டது.

அதற்கப்புறம் விஎல்சி பிளேயர் வந்தது, என் வாழ்க்கையே மாறிவிட்டது. பாரிஸில் கல்லூரி மாணவர்கள் 1996இல் ஆரம்பித்த வேலை அது. 2001இல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். குமிழைத் தள்ள வேண்டாம், பெயின்ட் வேண்டாம். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு எஸ் விசையைத் தட்டினால் ஸ்னாப்ஷாட் போய் போல்டரில் உட்கார்ந்துகொள்கிறது. புதிய பதிப்புகளில் இன்னொரு வரமும் உண்டு. ஆங்கில ஈ விசையைத் தட்டத் தட்டப் படம் ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக நகரும். இந்த ஒரு விசைக்காக அந்த மாணவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடலாம்.

இப்போது என்னோடு வாருங்கள். தில்லானா மோகனாம்பாளின் நலந்தானா பாட்டு. சிவாஜியின் சண்முகசுந்தரம் கத்திக் குத்து பட்டு எழுந்து வந்து வாசிக்க உட்கார்ந்திருக்கிறார், பத்மினியின் மோகனா சபை நடுவே ஆடிக்கொண்டே அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கண்ணாலும் விரலாலும் கேட்கிறாள், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, இவர் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது, வாயில் நாதஸ்வரம். பதில் முழுக்க முகத்தில்தான் வர வேண்டும். ஆயிரம் தடவை பார்த்திருப்போம் இல்லையா? இல்லை, நாம் பார்க்கவே இல்லை! நான் ஈ விசையைத் தட்டுகிறேன். ஒரு தட்டு, கண் தாழ்கிறது. இன்னொரு தட்டு, இமை பாதியில் நிற்கிறது. இன்னொன்று, கழுத்தில் நரம்பு புடைக்கிறது, அடுத்ததில் கன்னம் ஒரு நூல் அளவு இறங்குகிறது, ஏனென்றால் மூச்சு மாற்றுகிறார். அந்த மூச்சு அவருடையதே அல்ல, பின்னால் ஒலிக்கிற நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது, ஆனாலும் அவர்கள் மூச்சு எடுக்கிற இடத்தில் இவர் கன்னம் இறங்குகிறதே, ஐயோ, இதை யாரிடம் போய்ச் சொல்வேன்! இன்னும் தட்டுகிறேன், பக்கத்தில் தவிலோடு இருக்கிற பாலையா முகத்தில் இங்கே என்ன நடக்கிறது என்று எல்லாம் தெரிந்துவிட்ட ஒரு பாவனை ஓடுகிறது, ஓடுகிற படத்தில் சிவாஜியைப் பார்ப்பதா இவரைப் பார்ப்பதா என்று தவித்து இத்தனை வருஷம் தவறவிட்ட பாவனை அது, இப்போது இரண்டு பேரும் ஒரே சட்டத்துக்குள் எனக்காக அசையாமல் காத்திருக்கிறார்கள், ஷிஃப்ட், எஸ், ஷிஃப்ட், எஸ், விரல் நடுங்குகிறது, ஒரே வினாடியில் 24 முகம், 24ம் வேறு வேறு முகம், மூன்று மணி நேரப் படம் என்றால் 2,59,200 படங்கள், அத்தனையும் இந்த நாலே முக்கால் அங்குலத் தட்டுக்குள்ளே சுருண்டு கிடக்கின்றன, யாராவது வந்து நிறுத்த மாட்டார்களா என்று!

இன்னொன்று தெரியுமா? பத்திரிகையிலும் தியேட்டர் வாசலிலும் நாம் பார்த்து வளர்ந்த ஸ்டில்கள் பெரும்பாலும் படத்திலிருந்து எடுத்தவையே அல்ல. படப்பிடிப்பில் ஸ்டில் போட்டோகிராபர் என்று தனியாக ஒருவர் இருப்பார். தன் கேமராவில், தான் நின்ற கோணத்தில் எடுப்பார். அவை அழகுதான். ஆனால் ஒளிப்பதிவாளர் லென்ஸ் வழியே பார்த்த அதே சட்டம், அதே வெளிச்சம், அதே கணம் காகிதத்தில் வருவது அபூர்வம். நான் தட்டித் தட்டி எடுக்கிறேனே, அது அதுதான்!

சில படங்களில் சீப்புப் பல் விழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கை வீசுகிற இடத்தில் விளிம்பெல்லாம் கோடு கோடாகக் கிழிந்து நிற்கும். முதலில் தட்டு கெட்டுப்போயிற்று என்று பயந்தேன். கெடவில்லை. அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் வந்த தட்டு அது. சினிமாவுக்கு வினாடிக்கு 24 படம், அந்த டிவிக்குக் கிட்டத்தட்ட 30. நாலு படத்தை ஐந்தாக நீட்டுவதற்காக ஒற்றைப்படை வரியை ஒன்றிலிருந்தும் இரட்டைப்படை வரியை அடுத்ததிலிருந்தும் எடுத்துப் பின்னிவிடுகிறார்கள். அதனால் ஐந்தில் இரண்டு சீப்பு, மூன்று சுத்தம். ஈ விசையில் ஒன்றிரண்டு தட்டு முன்னால் போனால் முத்து மாதிரி ஒரு படம் காத்திருக்கும். அதே மாதிரி, டிவிடியில் எல்லாப் படமும் முழுசாக எழுதப்படுவதில்லை. சுமார் அரை வினாடிக்கு ஒரு முழுப் படம், நடுவில் உள்ளவற்றுக்கு என்ன மாறியது என்கிற கணக்கு மட்டும். அந்த முழுப் படம் மாட்டினால் பட்டுப் புடவையின் ஜரிகைகூடத் தனியாகத் தெரியும்!

டிரைவோடு வந்த வேறொரு பிளேயரில் எடுத்த படங்களில் சிவாஜி கொஞ்சம் அகலமாக இருப்பார். தட்டில் இருப்பது 720க்கு 480 புள்ளிகள். டிவி அதை நெருக்கிக் காட்டும், கம்ப்யூட்டர் அப்படியே காட்டிவிடும். ஏற்கெனவே உப்பின கன்னம், இன்னும் அகலமானால்? 640க்கு 480 என்று மாற்றினால் முகம் சரியாகிவிடும். அரை நிமிஷ வேலை.

அந்த நாளில் பிரின்ட் போட ஸ்டூடியோவுக்குப் பிளாப்பியில்தான் எடுத்துப் போவேன். அழுத்தாத பிஎம்பி படம் ஒன்று 10,36,800 பைட்டுக்குச் சற்று மேல், பிளாப்பியில் இடம் 1.44 எம்பி. ஒரு பிளாப்பிக்கு ஒரு சிவாஜி! பதினாலு பிளாப்பியை மஞ்சள் பையில் போட்டு சைக்கிள் ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு போன அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. கடைக்காரர் போஸ்ட்கார்டு அளவில் போட்டுக் கொடுத்தார். கிட்டே வைத்துப் பார்த்தால் சற்று மங்கல்தான். யார் கிட்டே வைத்துப் பார்க்கச் சொன்னது? கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், உயிரோடு இருக்கிறார்!

இப்போது என்னைப் பிடித்து ஆட்டுகிறது பதேர் பாஞ்சாலி. உறவினர் ஒருவர் லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தட்டு. டிவிடிகளை உலகப் பகுதிவாரியாகப் பிரித்துப் பூட்டுகிற கணக்கில் அது இரண்டாம் மண்டலம், நம் இந்தியா ஐந்தாம் மண்டலம். டிரைவ் மண்டலத்தை மாற்ற மொத்தம் ஐந்தே வாய்ப்பு. அதில் ஒன்றை சத்யஜித் ராய்க்காகக் கொடுத்தேன், இரண்டாவது யோசனை கிடையாது. என்னிடம் இருக்கிற தமிழ்த் தட்டுகளுக்கு அந்தப் பூட்டு இல்லாதது என் அதிர்ஷ்டம். லண்டன் தட்டு பால் (PAL) என்கிற டிவி முறையில் வந்தது என்பதால் சீப்புப் பல்லே இல்லை, புள்ளிகளும் அதிகம், 720க்கு 576. இங்கே படத்தின் சிறுவன் அப்பு கொஞ்சம் இளைத்துத் தெரிவான். 768க்கு 576 என்று விரித்தால் குழந்தைக் கன்னம் திரும்பி வந்துவிடும்.

நாணல் காடு, அக்கா துர்காவும் அப்புவும் ஓடுகிற இடம், ரயில். அந்த வெள்ளைப் பூக்களை நிறுத்திப் பார்த்தால் மூச்சு நிற்கும். ராய் முதல் நாள் படம் பிடித்துவிட்டு மறுபடி போனபோது மாடுகள் அத்தனை பூவையும் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த வருஷம் பூக்கும் வரை காத்திருந்துதான் மிச்சத்தை எடுத்தார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவோ அதற்கு முன்னால் சினிமா கேமராவையே இயக்கியதில்லை. கல்கத்தாவில் பிரெஞ்சு இயக்குநர் ரெனுவார் ‘தி ரிவர்’ எடுத்தபோது ஓரமாக நின்று, விளக்கு எங்கே, நடிகர் எங்கே என்று படம் வரைந்து வைத்துக்கொண்டவர், ஸ்டில் எடுத்துப் பழகியவர். அந்தக் கையிலிருந்து வந்த சட்டங்கள் இவை! நிறுத்துகிற இடமெல்லாம் போட்டோ, நிறுத்துகிற இடமெல்லாம்! தட்டில் சில இடங்களில் கீறல் ஓடுகிறது, பழைய பிலிம் அல்லவா, அது கிடக்கட்டும்.

நான் துரத்துவது ஒரே ஒரு சட்டத்தை. ரயில் வந்துவிட்டது, கேமரா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, பெட்டிகள் நம் கண்ணுக்கு முன்னால் தடதடவென்று போகின்றன, சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அந்தப் பக்கம் அப்பு தெரிகிறான், மறைகிறான், தெரிகிறான். ஒரு சக்கரம் விலகி அடுத்தது வருவதற்குள் அவன் முழு உருவமும் இடைவெளிக்குள் பொருந்துகிற ஒரு படம் இருந்தே தீர வேண்டும். ஒரு தட்டு, சக்கரம். ஒரு தட்டு, கால் மட்டும். ஒரு தட்டு, புகை போல ஏதோ. மூன்று ராத்திரியாக 47 படம் எடுத்துவிட்டேன், அதில் இரண்டில் அவன் தலையும் தோளும் கிடைத்துவிட்டன, கடைசிப் பெட்டி இன்னும் போகவில்லை. காபி ஆறிவிட்டது. டிரைவ் மறுபடி சுருதி ஏறுகிறது.