முரசு இல்லாத வேகம்

ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க இசையை வாசிக்கும் குழுவில் வழக்கமாக டிரம்ஸ் கிடையாது. மாண்டலின், பாஞ்சோ, ஃபிடில், கிதார், ஆளுயர பேஸ் என ஐந்துமே கம்பி வாத்தியங்கள். ஆனாலும் பாட்டு தலைதெறிக்க ஓடுகிறது. தாளம் இம்மியும் பிசகுவதில்லை. அந்தத் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது யார்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மலைப்பகுதியில் ‘குரூக்கட் ரோடு’ என்றொரு பாரம்பரிய இசைத் தடம் இருக்கிறது. நண்பர்களோடு காரில் அந்த வழியே போனபோதுதான் இந்த இசை எனக்கு அறிமுகமானது. ஃபிளாய்ட் என்ற சிற்றூரின் பழைய பலசரக்குக் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் கச்சேரி நடக்கும். கடைக்கு வெளியே தெருவோரத்திலும் கலைஞர்கள் வட்டமாக நின்று வாசிக்கிறார்கள். எங்கள் கண்கள் பாஞ்சோக்காரரின் விரல்களை விட்டு நகரவில்லை. கிதார் வாசிக்கத் தெரிந்த நண்பர் மட்டும், “மத்தவங்க கையைப் பாருங்கடா” என்றார். ஆட்டத்தின் சூட்சுமம் அங்கேதான் இருந்தது.

நான்கு அடிகளில் ஒன்றும் மூன்றும் பேஸுக்கு. இரண்டும் நான்கும் மாண்டலினுக்கு. மாண்டலின் கலைஞர் கம்பிகளை ஓங்கி அடித்த மறுகணமே இடது கை அழுத்தத்தைத் தளர்த்தி நாதத்தை வெட்டிவிடுகிறார். ‘சக்’ என்ற அந்த ஒலிக்கு ‘சாப்’ என்று பெயர். டிரம்ஸ் செய்ய வேண்டிய வேலையை அதுவே செய்துவிடுகிறது.

இதன் மேல்தான் பாஞ்சோ ஓடுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என மூன்று விரல்கள். நான்கடி கொண்ட ஒரு சுற்றுக்குள் எட்டு ஸ்வரங்கள். எட்டு மூன்றால் வகுபடாது. அதனால் அழுத்தம் பல இடங்களில் 3, 3, 2 என்று விழுகிறது. மிருதங்கம் கேட்டுப் பழகிய காதுக்கு இது ‘தகிட தகிட தக’. சீரான நான்கடிக்கு மேல் இந்தக் கோணல் கணக்கு ஓடும்போது, இருக்கும் வேகத்தைவிட அதிக வேகம் நம் காதில் விழுகிறது.

இந்தக் கூட்டணிக்கு வடிவம் தந்தவர் கென்டக்கியின் ரோசின் ஊரில் 1911-இல் பிறந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோ. அவருடைய ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவின் பெயரே இசைக்கும் பெயரானது. 1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயது இளைஞர் அதில் சேர்ந்தார். அவருடைய மூவிரல் வாசிப்பு நாஷ்வில் மேடையை அதிரவைத்தது. 1946 செப்டம்பரில் சிகாகோவில் அவர்கள் செய்த ஒலிப்பதிவுகள்தான் இன்றும் இந்த இசைக்கு அளவுகோல். 1948-இல் ஸ்க்ரக்ஸும் கிதார் கலைஞர் லெஸ்டர் ஃபிளாட்டும் விலகித் தனிக்குழு கண்டார்கள். மன்றோவின் இசை சரியவில்லை. வேறு பாஞ்சோ கலைஞர்களோடு அது தொடர்ந்தது. நட்சத்திரம் போனாலும் அடித்தளம் அவர் கையிலேயே இருந்தது.

என் கணிப்பில், இந்தக் கலையின் உச்சத் திறமை பொறுப்பைக் கைமாற்றுவதுதான். மாண்டலின் தனி வாசிப்புக்கு முன்னே வந்தால் ‘சாப்’ நின்றுபோகுமே? அந்த நொடியில் பாஞ்சோ தன் ஓட்டத்தை விட்டுவிட்டு, அமுக்கிய தந்திகளில் இரண்டையும் நான்கையும் அடிக்கத் தொடங்குகிறது. ஒற்றை மைக்கைச் சுற்றி நின்று வாசிக்கும் குழுக்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முறை வந்தவர் ஓரடி முன்னே வருகிறார். முடித்தவர் விலகி வழிவிடுகிறார். யார் ஒலி தூக்கலாகக் கேட்க வேண்டும் என்பதை அவர்களுடைய கால்களே தீர்மானிக்கின்றன.

விரல் வேகத்துக்கு மட்டும் கைதட்டும் ரசிகர்கள் பாதி ஆட்டத்தைத் தவறவிடுகிறார்கள். 1946 பதிவுகளில் ஒன்றை மூன்று முறை கேளுங்கள்: முதலில் பேஸை மட்டும், அடுத்து மாண்டலினை, கடைசியில் பாஞ்சோவை. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பது அப்போது புரியும். தெருவோர வட்டத்தில் சேர வரும் புதியவரிடமும் யாரும் தனி வாசிப்பை வற்புறுத்துவதில்லை. முறை வரும்போது தலையசைத்து மறுத்துவிடலாம். தாளம் மட்டும் தவறக் கூடாது. தாங்கத் தெரிந்த பிறகே முன்னே வர வேண்டும் என்ற இந்தப் பயிற்சிதான் ப்ளூகிராஸை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருக்கிறது.