இரவுப் பணியில் ஆசிரியர் எங்கே?

மும்பையின் ஆண்டாப் ஹில்லில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சு அடைத்தாலும், வடாலா பக்கம் லாரி மோதி யாராவது விழுந்தாலும், ஆட்டோ அநேகமாக சயான் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடும். 1947-இல் பழைய ராணுவக் குடியிருப்பில் 50 படுக்கைகளோடு தொடங்கிய மாநகராட்சி மருத்துவமனை அது. 1964-இல் அங்கே லோகமான்ய திலகர் மருத்துவக் கல்லூரி வந்தது. ஒரு பக்கம் தாராவி, இன்னொரு பக்கம் விரைவு நெடுஞ்சாலைகள் என்று அமைந்த இடம். 2006 ஜூலை 11 ரயில் குண்டுவெடிப்புகளில் காயம்பட்டவர்களில் பலரை அங்கேதான் கொண்டு சேர்த்தார்கள். விபத்துக் காயச் சிகிச்சையில் அந்த மருத்துவமனைக்கு நாடறிந்த பெயர் உண்டு.

சிகிச்சை நடக்கும் அதே இடத்தில் பயிற்சியும் நடக்கிறது. ஸ்ட்ரெச்சரில் வருபவர் ஒரே நேரத்தில் நோயாளியாகவும் ஓர் இளம் மருத்துவருக்குப் பாடமாகவும் இருக்கிறார். இதில் தவறில்லை, வேறு வழியும் இல்லை. அந்தப் பாடத்தை நடத்துவது யார், எந்த நேரத்தில், எவ்வளவு அருகில் நின்று என்பதைத்தான் கேட்க வேண்டும்.

'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு' என்பது மருத்துவக் கல்லூரிகளின் பழைய வழக்கு. கேஷுவால்டியில் வளர்ந்த தலைமுறைகள் எல்லாம் இப்படித்தான் உருவாயின. இந்த முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. தனியார் மருத்துவமனையில் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் கிடைக்காத அனுபவம் பொது மருத்துவமனையில் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். தலைக்காயம், வலிப்பு, பாம்புக்கடி, விஷம் குடித்தவர், மலேரியாவில் நினைவிழந்தவர் எல்லோரும் ஒரே இரவில் வருவார்கள். எவருக்கு ஒரு மணி நேரம் பொறுக்கலாம், எவருக்கு ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாது என்று முகத்தைப் பார்த்தே உணரும் கண் அங்கேதான் வாய்க்கிறது. அதை எந்த வகுப்பறையும் தராது.

ஆனால் நோயாளி எண்ணிக்கை தானாக ஆசிரியர் ஆகிவிடாது. ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். மூச்சு நின்றவருக்கு முகமூடியும் பையும் வைத்துக் காற்று கொடுப்பது அவசர சிகிச்சையின் அரிச்சுவடி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை வளைத்துப் பிடிக்க வேண்டும். மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பின் கீழே மாட்டி, முகத்தை முகமூடியை நோக்கி மேலே தூக்க வேண்டும். புதியவரின் கை பதற்றத்தில் நேர்மாறாக, முகமூடியை முகத்தின் மேல் அழுத்தும். தாடை பின்னுக்குப் போகும், நாக்கு தொண்டையை அடைக்கும். பை சுருங்கி விரிவதால் காற்று போவதாகவே அவருக்குத் தோன்றும். பக்கத்தில் ஒரு மூத்தவர் இருந்தால் பையைப் பார்க்க மாட்டார், நோயாளியின் மார்பைப் பார்ப்பார். அது உயரவில்லை என்றதும் அந்த மூன்று விரல்களைப் பிடித்து இடம் மாற்றி வைப்பார். அரை நிமிட வேலைதான். அந்த அரை நிமிடம் கிடைக்காத மருத்துவர் ஆயிரம் முறை செய்தாலும் ஒரே தவறை ஆயிரம் முறை பழகியவராகத்தான் இருப்பார்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. மும்பை, டெல்லி, கொல்கத்தா நகரங்களின் பெரிய பொது மருத்துவமனைகளில் 2013 முதல் 2015 வரை விபத்துக் காய நோயாளிகளின் விவரங்கள் திரட்டப்பட்டன. சயானும் அதில் சேர்ந்திருந்தது. அந்தத் தரவிலிருந்து 2,523 மரணங்களை ஆராய்ந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பாதிக்கும் மேற்பட்ட மரணங்கள் தடுத்திருக்கக்கூடியவை என்று நிபுணர்கள் கணித்தார்கள். சுவாசப் பாதையைக் காப்பதிலும் ரத்தப்போக்கை நிறுத்துவதிலும் நேர்ந்த குறைகள் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இரண்டுமே கையில் பிடித்துச் சொல்லிக்கொடுக்கக் கூடியவை.

மேற்பார்வை இல்லாத இந்தக் கற்றலுக்கு மாற்றாக வந்தவை குறுகிய காலப் பயிற்சிகள். 1976-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விமான விபத்தில் மனைவியை இழந்த ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர், தன் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் சிகிச்சையின் குழப்பத்தைக் கண்டு கொதித்ததிலிருந்து பிறந்தது ஏ.டி.எல்.எஸ். என்ற விபத்துக் காயச் சிகிச்சைப் பயிற்சி. முதலில் சுவாசப் பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம் என்ற அதன் ஒழுங்கு உலகம் முழுக்கப் பரவியது. பல துறையினர் ஒரே வரிசையில் யோசிக்கவும் ஒரே மொழியில் பேசவும் அது வழிசெய்தது. அது பெரிய கொடை. அதே சமயம், பயிற்சி பெற்றவரின் அறிவு கூடுகிறது என்பதற்கு இருக்கும் அளவு, நோயாளிகளின் இறப்பு குறைகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. அதைச் சோதிக்கும் ஆய்வு இந்திய மருத்துவமனைகளிலேயே மேற்கொள்ளப்பட்டிருக்கிறது. பொம்மையில் பழகிய கை சில மாதங்களில் மறந்துவிடும். மறக்காமல் பார்த்துக்கொள்ள வார்டில் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் அவசர மருத்துவத்தைத் தொழிலாகவும் கற்பித்தலை வாழ்க்கையாகவும் எடுத்துக்கொண்ட மருத்துவர். இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றது 2009-இல்தான். வேலூர் சி.எம்.சி.யில் அத்துறையை நடத்திய டாக்டர் சுரேஷ் டேவிட் போன்றோர், தங்களுக்கு யாரும் பாடமாக நடத்தாத ஒன்றை அடுத்தவர்களுக்குப் பாடமாக்கினார்கள். அவர் பாடநூலும் தொகுத்தார். பயிற்சி பெற்றவர்கள் இல்லாத இடைவெளியை நிரப்ப, 2007 வாக்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இந்தியத் தனியார் மருத்துவமனைகளோடு சேர்ந்து மூன்றாண்டுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. நல்ல மருத்துவர்கள் அதிலிருந்து வந்தார்கள். ஆனால் அது இங்கே அங்கீகரிக்கப்பட்ட முதுநிலைப் பட்டம் அல்ல, அதை வைத்து மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக முடியாது. கற்றவர்கள் தனியார் துறையிலேயே தங்கினார்கள். சயான் போன்ற இடங்களுக்கு அந்த அறிவு திரும்பி வரும் பாதை அடைபட்டது.

அரசும் நிலையாக நிற்கவில்லை. 2020-இல் மருத்துவக் கல்லூரிகளுக்கு அவசர மருத்துவத் துறை கட்டாயம் என்றது தேசிய மருத்துவ ஆணையம். 2023-இல் அதே ஆணையத்தின் வரைவு விதிகளில், கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து அது காணாமல் போனது. இது எனக்கு மன்னிக்க முடியாததாகத் தோன்றுகிறது. துறை இல்லையென்றால் பேராசிரியர் பதவி இல்லை, பதவி இல்லையென்றால் யார் இந்தத் தொழிலுக்கு வருவார்கள்?

வந்தவர்களுக்கும் என்ன மதிப்பு? ஒரு மருத்துவ ஆசிரியரின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. இரவு இரண்டு மணிக்கு இளம் ரெசிடெண்ட் மருத்துவரின் பக்கத்தில் நின்று மூன்று விரல்களை இடம் மாற்றி வைத்தது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால் நம் பொது மருத்துவமனைகள் பலவற்றில் ஒரு தலைகீழ் ஏற்பாடு நிலைத்துவிட்டது. மிக மோசமான நிலையில் வருபவரை முதலில் தொடுவது அங்கிருப்பவர்களில் மிக இளையவர். மூத்தவர் காலை ரவுண்ட்ஸில் வருகிறார். அதற்குள் நோயாளி பிழைத்திருப்பார் அல்லது போயிருப்பார், பாடம் தாளில் மட்டும் மிஞ்சியிருக்கும். தொடர்பணி 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசின் ரெசிடென்சி நெறிமுறை 1992-லேயே சொன்னது. அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட, தூக்கம் இல்லாத மூளையோடுதான் அந்த இளைஞர் கற்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் 'தாய்' என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் நோயாளிகளை அவசரத்துக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கவும், அதற்கான தனிப் பகுதிகளை அமைக்கவும், பயிற்சி தரவும் முயன்றது. பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் நிறம் குறிப்பதோடு வேலை முடிவதில்லை, சிவப்புப் பகுதியில் இரவில் நிற்கும் ஆசிரியரையும் அந்த ஏற்பாடு தர வேண்டும்.

பொது மருத்துவமனையில் செய்து கற்கும் முறையை விடக்கூடாது. மேற்பார்வை இல்லாமல் செய்து கற்பதை இனியும் பொறுக்கக்கூடாது. மும்பை மாநகராட்சி தன் பெரிய மருத்துவமனைகள் ஒவ்வொன்றின் அவசரப் பிரிவிலும், இரவு முழுவதும் நோயாளி அருகிலேயே இருக்கும் மூத்த ஆசிரியர் பணியிடத்தை உருவாக்கி, அந்த இரவுகளைப் பதவி உயர்வில் கணக்கிட வேண்டும். ஆண்டாப் ஹில், தாராவி, கோலிவாடா மக்கள் தங்கள் மாநகராட்சி உறுப்பினரிடம் கழிவுநீர்க் கால்வாயையும் குடிநீரையும் கேட்பது போலவே இதையும் கேட்டு வாங்க வேண்டும்.