கீனோ காசில் எழுந்த அரங்கம்

கீனோ பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பது சீனப் பெருஞ்சுவர் கதைதான். போருக்கும் சுவருக்கும் காசில்லாமல் தவித்த ஒரு ஆட்சியாளர், வரி கேட்டால் மக்கள் முறைப்பார்கள் என்று பயந்து இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தாராம். அந்தப் பணத்தில் சுவர் எழுந்ததாம். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. நிச்சயமாகத் தெரிவது இவ்வளவுதான்: 19ஆம் நூற்றாண்டுச் சீனாவில் 'வெள்ளைப் புறாச் சீட்டு' என்று ஒரு குலுக்கல் இருந்தது. அது சீனத் தொழிலாளர்களோடு அமெரிக்கா போனது. 1930களில் நெவாடா மாநிலத்து ரீனோ நகரச் சூதாட்டக் கூடங்களில் எழுத்துகளுக்குப் பதில் எண்கள் போட்ட வடிவத்தில் நிலைத்தது.

ஆனாலும் சுவர்க் கதை சாகவில்லை. காரணம் லேசானது. அது வரலாறாக இல்லாவிட்டாலும் விளம்பரமாக நன்றாக வேலை செய்கிறது. 'நீ தோற்றாலும் ஊருக்கு ஒரு கட்டடம் வரும்' என்பதுதான் அதன் சாரம். நெப்ராஸ்கா மாநிலத்தில் இந்தச் சாரம் சட்டமாகவே இருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

அங்கே கீனோவை நடத்தும் உரிமை நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் உண்டு. உள்ளூர் வாக்காளர்கள் முதலில் ஒப்புதல் தர வேண்டும். பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனம் ஆட்டத்தை நடத்தும். மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் திரையில் எண்கள் ஓடும். மாநிலத்துக்கு 2 சதவீத வரி. நகராட்சிக்கு வரும் பங்கை 'சமூக மேம்பாடு' என்ற தலைப்பில் செலவிட வேண்டும்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 80 எண்களில் 20 எண்கள் குலுக்கலில் வரும். நீங்கள் ஒரே ஒரு எண்ணைத் தேர்ந்தால் அது வர நாலில் ஒரு வாய்ப்பு. வந்தால் ஒரு டாலருக்கு மூன்று டாலர் தருவது பரவலான வழக்கம். அதாவது நீண்ட காலக் கணக்கில் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 75 சென்ட்தான் திரும்பும். பத்து எண் எடுத்து பத்தும் விழ வேண்டுமென்றால் வாய்ப்பு சுமார் 89 லட்சத்தில் ஒன்று. ரூலெட்டில் கூடம் பிடித்துக்கொள்வது டாலருக்கு ஐந்து சென்ட் சுமார். இங்கே கால் டாலர். எந்த நகராட்சியும் இவ்வளவு விகிதத்தில் விற்பனை வரி போட்டால் மறுநாளே ஊர் கொதிக்கும். கீனோவில் யாரும் கொதிப்பதில்லை. வரி என்று பெயர் வைக்காததுதான் வித்தியாசம்.

இப்போது ரால்ஸ்டனுக்கு வருவோம். ஒமாஹாவை ஒட்டிய, சுமார் 6,000 பேர் வாழும் சின்ன ஊர். சுற்றிலும் வேறு நகரங்கள், விரிய இடமில்லை. இருக்கிற நிலத்தின் மதிப்பைக் கூட்டினால்தான் வரவு கூடும். அதற்காகத்தான் 2012இல் சுமார் 4,000 பேர் உட்காரும் அரங்கத்தைக் கட்டினார்கள். கடனை அடைக்க நம்பிய வரவுகளில் ஒன்று கீனோ. இன்னொன்று 2010இல் மாநிலம் இயற்றிய விளையாட்டரங்க நிதிச் சட்டம். அரங்கத்திலும், அதைச் சுற்றி 600 கெஜத்துக்குள் அந்தக் காலத்தில் புதிதாகத் திறக்கும் கடைகளிலும் வசூலாகும் மாநில விற்பனை வரியில் 70 சதவீதம் நகராட்சிக்கே திரும்பி வரும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எங்கோ மதுக்கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் தோற்ற காசு, அரங்கத்தைச் சுற்றியுள்ள ஒரு வட்டத்துக்குள் நிலத்துக்கு மவுசு சேர்க்கப் போகிறது. வட்டத்துக்குள் இடம் வைத்திருப்பவருக்கு லாபம். தோற்றவருக்கு அந்த வட்டத்தில் ஒரு சதுர அடியும் இல்லை. இதில் லஞ்சமோ திருட்டோ நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாம் சட்டப்படி, பொதுக் கூட்டத்தில் பேசி, வெளிப்படையாக நடந்ததுதான். என் குறை அந்த அமைப்பின் மேல்தான்.

முதல் குறை, கடன் தவணை நிலையானது, சூதாட்ட வரவு நிலையற்றது. மிசௌரி ஆற்றைத் தாண்டினால் அயோவா மாநிலத்து கவுன்சில் பிளஃப்ஸில் 1990களிலிருந்தே கேசினோக்கள். 2020 நவம்பரில் நெப்ராஸ்கா வாக்காளர்கள் குதிரைப் பந்தயத் திடல்களில் கேசினோவை அனுமதித்தார்கள்; 2024இல் ரால்ஸ்டனுக்கு மிக அருகிலேயே ஒன்று திறந்தாயிற்று. அரங்கத்தின் வருமானமும் உறுதியாக இல்லை. அங்கே ஆடிவந்த ஒமாஹா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, 2015இல் சொந்த அரங்கம் கிடைத்ததும் கிளம்பிவிட்டது. தொடக்க ஆண்டுகளில் நஷ்டம். நகராட்சி கைக்காசு போட வேண்டிவந்தது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கீனோ வரவைக் காட்டி இருபது வருஷக் கடன் வாங்கிய நகராட்சி, இருபது வருஷமும் மக்கள் சூதாட வேண்டும் என்று விரும்பியே ஆக வேண்டும். சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய கை, அதன் வசூலை எண்ணும் கையாகவும் இருக்கிறது. நாளைக்கு ஒரு உறுப்பினர் எழுந்து 'ஆட்ட நேரத்தைக் குறைக்கலாமே' என்றால், 'தவணையை யார் கட்டுவது?' என்பதுதான் பதிலாக வரும்.

எதிர்வாதமும் உண்டு, அதை ஒதுக்க முடியாது. கீனோ பணத்தில் பூங்காவும் நூலகமும் எத்தனையோ சின்ன ஊர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. சொத்து வரிச் சுமை குறைந்திருக்கிறது. யாரையும் கையைப் பிடித்து இழுத்து ஆட வைக்கவில்லை. வாஸ்தவம். ஆனால் சொத்து வரி குறைந்தால் அதிகம் மிச்சப்படுவது அதிகச் சொத்து உள்ளவருக்குத்தானே? விருப்பப்பட்டுத்தான் தோற்றார் என்பது, அவருடைய காசை அவருக்குச் சம்பந்தமில்லாத மனைக்கு உரமாக்க அனுமதி ஆகிவிடாது.

கீனோவைத் தடை செய் என்பது என் கோரிக்கையல்ல. அந்த வரவை நீண்ட காலக் கடனுக்கு ஈடாகக் காட்டக் கூடாது என்பது ஒன்று. இந்த வருஷம் வந்ததை இந்த வருஷமே, விற்றுவிட முடியாத விஷயங்களுக்குச் செலவிடட்டும்: நூலகப் புத்தகம், நீச்சல் குளம், சூதாட்டத்திலிருந்து மீள்வோருக்கான உதவி. நகராட்சி வரவு அறிக்கையில் 'கீனோ வருமானம்' என்ற வரிக்குப் பக்கத்திலேயே 'ஊர்க்காரர்கள் தோற்ற தொகை' என்றும் ஒரு வரி இருக்கட்டும். இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்த்த பிறகு, அடுத்த கட்டடத்துக்கு எப்படி வாக்களிப்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.