மாற்று இயங்குதளமும் 'பிரட்டு' என்ற சொல்லும்

திறன்பேசிக்கான மாற்று இயங்குதளங்களை ஒப்பிடும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. ஓர் அட்டவணை போடுவார்கள். இடப்பக்கம் லினேஜ்ஓஎஸ், கிராஃபீன்ஓஎஸ், ஈ-ஓஎஸ், செயில்ஃபிஷ், உபுண்டு டச் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். மேலே பாதுகாப்பு, தனியுரிமை, மின்கலம், செயலிகள் என்று தலைப்புகள். கட்டங்களுக்குள் பச்சையில் சரி, சிவப்பில் தவறு. கடைசி வரியில் ஒரு வெற்றியாளர். இப்படிப்பட்ட ஒப்பீடுகளை அண்மையில் நிறைய வாசித்தேன். நான் வாசித்தவற்றில் ஒன்றில்கூட 'இதில் தமிழ் எழுத வருமா?' என்று ஒரு கட்டம் இல்லை.

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அந்தக் கேள்வியே எழாது. அவருடைய மொழி கருவியோடு கூடவே பிறந்துவிட்டது. நமக்கு அப்படி இல்லை. இதை ஓர் இலக்கிய இதழில் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். எனக்குத் தெரிந்த இளம் எழுத்தாளர்கள் பலர் சிறுகதையின் முதல் வரைவைக் கைப்பேசியில்தான் அடிக்கிறார்கள். ஆசிரியர் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கதையை வாசித்து, 'இந்தச் சொல் சரியா?' என்று கேட்கும் முதல் வாசகர் விசைப்பலகை. அந்த வாசகர் யார், அவருக்கு எந்த ஊர்த் தமிழ் தெரியும் என்பது விமர்சனம் பேச வேண்டிய விஷயம்தானே?

இயங்குதளம் என்றால் என்ன என்று நம் ஆட்களுக்குச் சொல்ல லயத்து வீட்டைத்தான் உதாரணம் காட்ட வேண்டும். மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்திருப்போம். பின்னால் முருங்கை நட்டிருப்போம், முன்னால் கோலம் போட்டிருப்போம். ஆனால் வீடு தோட்ட நிர்வாகத்துடையது. தோட்டம் கைமாறிய அன்று காலி செய்யச் சொல்லி கடிதம் வரும். மலாக்காவிலும் நெகிரி செம்பிலானிலும் இது எத்தனை குடும்பங்களுக்கு நடந்தது என்று நாம் கதைகளாகவே எழுதியிருக்கிறோம். திறன்பேசியும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கியது நாம். உள்ளே எது ஓடலாம், எது எப்போது நிற்கும் என்று முடிவு செய்வது வேறொருவர். மேம்படுத்தல் நின்ற மூன்று வருடப் பழைய ஆண்டிராய்டு, உடைந்ததால் கெட்டுப் போகவில்லை. கவனிப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். உம்பாய், செர்காம், மெர்லிமாவ் பக்கத்தில் அண்ணன் போன் தம்பிக்கும் தம்பி போன் அம்மாவுக்கும் கைமாறும் வீடுகளில் இது பேச்சுக்குச் சொல்லும் பிரச்சினை இல்லை.

ஆகவே மாற்று வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. எந்த மாற்று என்பதில்தான் பேச்சு. இப்போது இருப்பவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, ஆண்டிராய்டின் திறமூல உடலை எடுத்துக்கொண்டு கூகிளைக் கழற்றிவிட்டவை. சயனோஜென்மோட் 2016 கடைசியில் மூடப்பட்டபோது அதன் சாம்பலிலிருந்து வந்தது லினேஜ்ஓஎஸ். உற்பத்தியாளர் கைவிட்ட கருவிக்கு மேலும் சில ஆண்டு ஆயுள் கொடுப்பதே இதன் பெரிய உபகாரம். லினேஜை அடிப்படையாகக் கொண்டு, பயனரை வேவு பார்க்கும் வேலைகளை நீக்கித் தருகிறது ஈ-ஓஎஸ். பாதுகாப்பில் கிராஃபீன்ஓஎஸ்ஸை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். ஆனால் அது கூகிளின் பிக்சல் கருவிகளை நம்பியே வளர்ந்தது. கூகிளிடமிருந்து விடுதலை வேண்டுமென்றால் முதலில் கூகிளிடம் போன் வாங்கு! அந்தப் பிக்சலும் மலேசியாவில் பல ஆண்டுகள் அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை.

இரண்டாவது வகை, லினக்ஸை நேராகக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தவை. நோக்கியா கைவிட்ட மீகோவிலிருந்து ஃபின்லாந்தின் யொல்லா நிறுவனம் செயில்ஃபிஷை உருவாக்கியது. உபுண்டு டச்சை அதன் தாய் நிறுவனமான கனோனிக்கல் 2017இல் விட்டுவிட்டது. யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் குழு அதை எடுத்து வளர்க்கிறது. இவற்றைப் பார்க்கும்போது நம் சிற்றிதழ்கள் ஞாபகம் வருகின்றன. நேர்மையான நோக்கம், சொந்தக் காசு, அடுத்த இதழ் எப்போது என்று யாருக்கும் தெரியாத நிலை. மரியாதை உண்டு. ஆனால் அம்மாவின் கையில் இதைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போக முடியாது.

மூன்றாவது வகை, அரசோ பெருநிறுவனமோ முட்டுக்கொடுக்கும் மாற்று. 2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவேயைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு வந்த மேட் 30, கூகிள் சேவைகள் இல்லாமலேயே இங்கே கடைக்கு வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மைசெஜாத்தெரா செயலி ஆப்பிள், கூகிள் கடைகளோடு ஹுவாவேயின் கடையிலும் வைக்கப்பட்டது. அரசுக்கு அவசியம் என்று வந்தால் மாற்றுக்கும் கதவு திறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி வளாகத்திலிருந்து பார்ஓஎஸ் அறிமுகமானது. சுதேசி என்ற கொடியோடு வந்தாலும் அதற்கும் அடித்தளம் ஆண்டிராய்டின் திறமூலம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கொடி மாறினால் அஸ்திவாரமும் மாறிவிட்டது என்று நம்பக்கூடாது.

மூன்று வகைக்கும் ஒரே இடத்தில் கால் இடறுகிறது: வங்கி. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, மோசடியைத் தடுக்க, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கைவிட்டு வலுவான உறுதிப்படுத்தலுக்கு மாறும்படி வங்கிகளிடம் சொன்னது. வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு கருவி என்ற விதியும் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் இதனால் வங்கிச் செயலி ஓடாத போன், சம்பளம் எடுக்க உதவாத போன் ஆகிவிட்டது. மாற்று இயங்குதளத்தைக் கண்டால் ஓட மறுக்கும் செயலிகள் இருக்கின்றன. ஆகவே தனியுரிமை பேசும் நண்பர்கள் பலரும் இரண்டு போன் வைத்திருக்கிறார்கள். சுதந்திரத்துக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று. தோட்டத்திலிருந்து வந்தவருக்கு அந்த வசதி எங்கே?

இனி அட்டவணையில் இல்லாத அந்தக் கட்டத்துக்கு வருவோம்.

கைப்பேசியில் தமிழ் எந்தப் பெருநிறுவனத்தின் கருணையாலும் முதலில் வரவில்லை. அதுவே ஒரு மாற்று முயற்சியாகத்தான் நுழைந்தது. கேரித்தீவில் பிறந்த முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கியவர். அவருடைய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. ஜாவா ஓடும் பொத்தான் போன்களின் காலம் அது. ஆங்கிலக் குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம் கிடைக்கும், யூனிகோடில் அனுப்பினால் 70தான். 'கொ' என்ற ஓர் எழுத்தே அதில் இரண்டு இடம் பிடித்துக்கொள்ளும். அப்படி இருந்தும் அனுப்பினோம். பிறகு செல்லினம் 2009இல் ஐபோனுக்கும் 2012இல் ஆண்டிராய்டுக்கும் போனது. கவனித்தீர்களா? முதலில் குடியிருந்த தளம் செத்துவிட்டது, மொழி சாகவில்லை. அது ஒரு வீட்டை நம்பி இருக்கவில்லை. இவருடைய தந்தை முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரையிலான மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் தொகுத்துக் களஞ்சியமாக்கியவர். ஒருவர் எழுத்தைத் திரட்டினார், இன்னொருவர் எழுத்துருவைத் தந்தார். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முனைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இளையவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2010 வாக்கில் பெரும்பாலான போன்களில் தமிழ்ப் பக்கம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓப்பரா மினி உலாவியில் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒரு தெரிவை மாற்றினால், தூரத்து வழங்கி தமிழ் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும். வாசிக்கலாம். ஆனால் ஒரு சொல்லையும் எடுக்க முடியாது, தேட முடியாது, எழுதவும் முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மொழி.

மாற்றுத் தளங்களிலும் தமிழுக்கு ஒரு கதை உண்டு. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் ஓடிய இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் 2014 ஆகஸ்டில் இந்தியாவில் 1999 ரூபாய்க்கு வந்தது. அத்தனை மலிவான போனில் இந்தியும் தமிழும் இருந்தன. 2015 டிசம்பரில் மொசில்லா கைப்பேசி வியாபாரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் திறமூலம் என்பதால் அந்த நிரலை எடுத்து வேறொருவர் கைஓஎஸ் ஆக்கினார். அதுவே 2017இல் ஜியோபோனாக இந்தியாவின் கிராமங்களுக்குள் போனது. கடை மூடினாலும் சரக்கு பொதுவில் இருந்தது. திறமூலத்தின் அர்த்தத்தை எனக்கு விளங்க வைத்தது எந்தக் கொள்கை அறிக்கையும் இல்லை, இந்த மலிவு போன்தான்.

இன்று கூகிளைக் கழற்றிய ஆண்டிராய்டில் தமிழுக்கு என்ன மிஞ்சுகிறது? நோட்டோ தமிழ் எழுத்துரு இருக்கிறது. எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் இருக்கிறது. இரண்டுமே திறமூலம். ஆகவே வாசிப்பதற்குப் பழுதில்லை. எழுதத் தொடங்கினால்தான் சிக்கல். திறமூல ஆண்டிராய்டோடு வரும் விசைப்பலகையில் தமிழ் மூன்று நாட்டுப் பெயர்களில் இருக்கிறது: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர். மலேசியா இல்லை. கைப்பேசித் தமிழுக்குக் கதவு திறந்தவர் பிறந்த நாட்டின் பெயர் அந்த வரிசையில் காணோம்! தமிழ்99உம் அஞ்சலும் அதில் கிடையாது. தமிழ் அகராதியும் கிடையாது. பேசினால் எழுதும் வசதியும் கூகிளோடு போய்விடும். வாசிக்கும் தமிழ் பொதுச்சொத்து, எழுதும் தமிழ் இன்னும் வாடகை வீட்டில்.

வாடகை வீட்டிலாவது நம் சொல் நிம்மதியாக இருக்கிறதா? 'பிரட்டு' என்று அடித்துப் பாருங்கள். தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கக் கூடும் இடமும் நேரமும் அந்தச் சொல்லில் இருக்கிறது. நான் பயன்படுத்தும் விசைப்பலகை அதைப் 'புரட்டு' என்று திருத்துகிறது. தாத்தா தினமும் காலை ஐந்தரைக்கு ஏமாற்று வேலைக்குப் போனதாகக் கதை மாறிவிடுகிறது. ஒட்டுப்பால், மங்கு, நிரை, தண்டல், ஆயாக்கொட்டாய், 'பசியாறிட்டியா' எல்லாம் அதற்கு அச்சுப்பிழைகள். விசைப்பலகைக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எந்தப் பனுவலைப் படித்து வளர்ந்ததோ அதைத்தான் திருப்பிச் சொல்கிறது. நாம் ஒவ்வொரு முறையும் அலுப்பில் 'சரி, போகட்டும்' என்று அது சொன்ன சொல்லையே தொடும்போது, வட்டார வழக்கு ஒரு சொல் மெலிகிறது. இலக்கிய விமர்சகர்கள் வட்டார வழக்கைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிறோம். அதை அன்றாடம் வெட்டும் கத்தரி கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது.

செல்லினம் மேல் நமக்கு இருக்கும் பெருமைக்குள்ளும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு மொழிச் சமூகத்தின் எழுதுகருவி ஒரு மனிதரின் உழைப்பை எத்தனை காலம் நம்பியிருக்கலாம்? தொண்ணூறுகளில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் இருந்தது. அந்தக் காலக் கோப்புகளைத் திறந்தால் இன்று வாயில் நுழையாத குறிகள்தான் வரும். யூனிகோட் என்ற பொது ஏற்பாட்டுக்கு எல்லாரும் வந்த பிறகுதான் அந்தப் பயம் தீர்ந்தது. எழுத்துக்கு நடந்தது சொல்லுக்கும் நடக்க வேண்டும்.

அதற்குப் புதிய இயங்குதளம் ஒன்றும் கட்ட வேண்டாம். ஹெலிபோர்ட் போன்ற திறமூல விசைப்பலகைகள் இணைய அனுமதியே கேட்காமல் ஓடுகின்றன. பயனர் தானே ஓர் அகராதியை அதில் ஏற்றலாம். அகராதிக்கு வேண்டிய மூலப்பொருள் ஒரு சாதாரணச் சொற்பட்டியல். மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளும் நாவல்களும் நம் கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஆளுக்கு ஐந்நூறு சொல் எடுத்து, எழுத்துப்பிழை பார்த்து, பொதுவில் வைத்தால் போதும். லினேஜோ கிராஃபீனோ நாளை வரப்போகும் வேறெதுவோ, எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் கூடவே எடுத்துப் போகலாம்.

ஆகவே என் அட்டவணையில் ஒரு கேள்விதான் முதலில் வரும்: இந்தத் தளம் நாளை மூடினால், நான் இதில் சேர்த்துவைத்த சொற்களை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா? முடியும் என்றால் அது மாற்று. முடியாது என்றால், பெயர் எதுவாக இருந்தாலும், அது இன்னொரு லயம்.